ஒயரில் தேங்கிய பேச்சு

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகள் முடிந்து உப்புக்காற்று ஆரம்பிக்கிற இடத்தில் மாவுமில் தெரு என்று ஒரு தெரு. அந்தத் தெருவில் அணைந்து கிடந்த ரூட்டர் பேச ஆரம்பித்தபோது யாரும் அலறிக்கொண்டு ஓடவில்லை, மந்திரிக்க ஆள் கூப்பிடவில்லை, முதல் காரியமாகக் கேபிள் ரவூப்புக்குப் போன் போட்டுக் கம்ப்ளைண்ட் கொடுத்தார்கள்.

முதலில் பேசியது மங்களேஸ்வரி வீட்டு ரூட்டர். ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற மங்களேஸ்வரி, புருசன் மஸ்கட்டில் செத்துப்போய் ஒரு வருசம் ஆனவள், மெஷினில் கை ஓடிக்கொண்டிருந்தபோது பெட்டியில் சிவப்பு லைட்டு மினுக்கியதைப் பார்த்து ரவூப்பைக் கூப்பிட்டாள், ரவூப்பு எல்லாருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னான், "அக்கா, ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விட்டு ஆன் பண்ணுங்க." அவளும் அணைத்தாள். லைட்டெல்லாம் அவிந்து, பெட்டி ஆறிக்கொண்டிருக்கும்போது, அதற்குள்ளிருந்து ஒரு பையன் குரல் தெளிவாகக் கேட்டது: "அம்மா, நான் அந்த வேலைய விட்டுட்டேம்மா. அப்பாகிட்ட சொல்லிடாத. ஹலோ? அம்மா, கேக்குதா?"

குரல் எதிர்வீட்டுச் சகுந்தலாவின் மகனுடையது, துபாயில் இருக்கிறவன். மங்களேஸ்வரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய், கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். சகுந்தலாவுக்குத் தெருமுனை வரைக்கும் எட்டுகிற தொண்டை. "அட பாவி மவனே! போன மாசம் பாதியில லைன் அறுந்துச்சே, அப்பச் சொன்னதா? அதான் பய மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டே பேசுறானா!" என்று அவள் போட்ட சத்தத்தில், அப்பாகிட்ட சொல்லக்கூடாத விசயம் அப்பா உட்பட அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது.

ரவூப்பு ஏணியோடு வந்தான். பெரிய புயலில் போஸ்ட்டெல்லாம் சாய்ந்த பிறகு, தென்னையிலிருந்து தென்னைக்கும் மொட்டைமாடியிலிருந்து மொட்டைமாடிக்குமாக ஒரே ஒயரைத் தெரு முழுக்க இழுத்துக் கட்டியவன் அவன்தான். சிவப்பு வெளிச்சம் அடிக்கிற பேனாவை ஒயரின் ஒரு முனையில் செருகிவிட்டு எங்கே கசிகிறது என்று மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு போனான். எங்கேயும் கசியவில்லை, ஆனால் அடித்த வெளிச்சம் மறுமுனைக்கு வந்து சேரவும் இல்லை. இறங்கி வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒயருக்குள்ள இருக்கிறது கண்ணாடிக்கா. நான் அவசரத்துல கண்ட எடத்துல மடக்கிக் கட்டிட்டேன். மடிஞ்ச எடத்துல வெளிச்சம் தேங்குது, வெளிச்சத்தோட போன பேச்சும் தேங்குது. பெட்டி அணைஞ்சதும் தேங்கினது வடியுது, அவ்வளவுதான்" என்றான். இதைவிட விளக்கம் அந்தத் தெருவுக்குத் தேவைப்படவில்லை, வடியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வடிந்தது, வடிந்தது, அப்படி வடிந்தது. போன் பேச்சு பாதியில் அறுந்தபோது சொல்லப்பட்டு, யார் காதிலும் விழாமல் போன அத்தனையும், எந்த வீட்டுக்குச் சேர வேண்டியதோ பெரும்பாலும் அந்த வீட்டில் இல்லாமல், ஒயர் போகிற வழியில் ஏதோ ஒரு வீட்டில் வந்து விழுந்தது. ஒரு வீட்டில் யாரோ பெற்ற குழந்தை முதன்முதலாக அத்தை என்றது, ஒரு வீட்டில் யாரோ ஒருத்தன் நெத்திலிக் கருவாடு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினான். கேட்டவர் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு உரியவர் வீட்டுக்குப் போய், கூட்டாமல் குறைக்காமல் சொல்லி, ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்காமல் திரும்பிவிட வேண்டும் என்று தெருவில் ஒரு முறை தானாக ஏற்பட்டது. மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்ட் ஆபீசில் பகல் பூராவும் கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்குத்தான் திருவிழா. தெருவே ஃபேன் இல்லாமல், மிக்சி இல்லாமல், டிவி இல்லாமல் அடங்கிக் கிடக்க, வெள்ளை வெயிலில் வீட்டுக்கு வீடு அணைந்த பெட்டிகள் முணுமுணுக்கும். வெளியூர்க்காரன் எவனாவது அந்தப் பக்கம் சைக்கிளில் வந்தால், எல்லா வீட்டிலும் ஆட்கள் வாய்மூடி உட்கார்ந்திருக்க எல்லா வீட்டிலிருந்தும் பேச்சு வருவதைப் பார்த்து, மிதிப்பதை வேகமாக்கிக்கொண்டு போய்விடுவான்.

தெருவின் இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும், அது கொஞ்சம் வெட்கக்கேடான பழக்கம். வீட்டுக்கு ஒரு ஆள் கடல் தாண்டி இருக்கிற தெரு அது. தோப்புக்குள் செல்போன் டவர் ஊருக்குள் பேசுகிற அளவுக்குத்தான் எடுக்கும், கடல் தாண்டிய பேச்செல்லாம் ரூட்டர் வழியாகத்தான். பேச்சு சண்டையாகி, பதில் சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிட்டால், பெண்கள் எழுந்து போய் ரூட்டர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். மறுநாள், "நேத்து லைன் போயிடுச்சுங்க, இந்த ரவூப்பு சரியாவே பாக்க மாட்டேங்கிறான்" என்று சொன்னால் அந்தப் பக்கமும், "ஆமா, எனக்கும் கட்டாயிடுச்சு" என்று சொல்லிவிடும். பாவம், ரவூப்பு தலை உருண்டதில் எத்தனையோ குடித்தனம் உருளாமல் நின்றது.

மங்களேஸ்வரியும் அப்படி ஒரு நாள் அணைத்திருந்தாள்.

அவள் புருசன் நீலமேகம் ஒரு மாதிரியான ஆள். லீவில் வரும்போதெல்லாம் வாசல் கேட்டுக்கு வெளியே பெட்டியோடு நின்றுகொண்டு, "வரலாமா?" என்று கேட்பான், அவள் வந்து "வாங்க" என்று வாய்திறந்து சொன்னால்தான் உள்ளே கால் வைப்பான். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, கடைசி வரை விடவில்லை. அன்றைக்கு வீடியோ காலில், "ஊருக்கே வந்துடலாம்னு பாக்குறேன் புள்ள" என்றான். இவளுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. மகள் இளமதி திருச்சியில் நர்சிங் படிக்கிறாள், அது முடிய வேண்டாமா. "இன்னும் ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க, இப்ப வந்து என்னத்தச் செய்யப் போறீங்க?" என்று கத்தினாள். "நான் சொல்றதக் கேளு, எனக்கு..." என்று அவன் ஆரம்பிக்கும்போது எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். காலையில் லைன் போச்சுங்க என்று சொல்லிச் சமாதானமாகிக்கொள்ளலாம் என்றுதான் படுத்தாள். காலையில் கூப்பிட்டது அவனுடைய ரூம்காரன். தூங்கினவன் எழுந்திருக்கவில்லை, நெஞ்சடைப்பு என்றான்.

சவப்பெட்டி வந்தது, அழுதார்கள், எடுத்தார்கள். பெட்டி கேட்டைத் தாண்டும்போது அவளுக்கு நினைவே இல்லை, யாரும் வாங்க என்று சொல்லவில்லை.

எனக்கு என்றானே, எனக்கு என்ன? எனக்கு நெஞ்சு வலிக்குது என்றா? எனக்கு முடியல என்றா? அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியாமல் அவள் ஒரு வருசமாகச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, லைன் போனதால்தான் கடைசிப் பேச்சு நின்றுபோனது என்று தெரு நம்பிக்கொண்டிருந்தது, இளமதியும் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது ஒயர் தேங்கினதையெல்லாம் வடிக்கிறது என்றால் அதுவும் ஒரு நாள் வடியும். தன் வீட்டில் வடிந்தால் பரவாயில்லை, அடுத்த வீட்டில் வடிந்தால்? அதனால் கரண்ட் இல்லாத நாட்களில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அளவெடுக்கிற சாக்கில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரே சகுந்தலாவுக்கு ஒரே வருசத்தில் எத்தனை தடவைதான் அளவெடுப்பது! "நான் என்னடி தெனம் ஒரு சுத்து பெருக்குறனா?" என்று சகுந்தலா கேட்டதற்கு, "பெருத்துத்தான் போயிட்டீங்க சகுந்தலாக்கா" என்று சொல்லிவிட்டு ரூட்டர் பக்கமே காதை வைத்திருந்தாள்.

இதற்கிடையில் வைரக்கண்ணு விசயம் நடந்தது. தெருவுக்குப் பேர் கொடுத்த மாவுமில்லுக்குச் சொந்தக்காரர் வைரக்கண்ணு, மலேசியாவில் இருந்த, இவரோடு பேச்சுவார்த்தை அறுந்து அப்படியே செத்தும் போன அவருடைய அண்ணன் குரல் ஒரு மத்தியானம் அவர் வீட்டுப் பெட்டியிலேயே வந்து, "தம்பி, கேக்குதா?" என்றது. மனுசன் யோசிக்கவே இல்லை, பாதியில் அறுகிற போனில் யார் கேட்டாலும் வாயில் வருகிற பதில்தானே அது, "கேக்குதுண்ணே, சொல்லுங்க" என்றுவிட்டார். அதோடு சரி. அவர் குரல் அவர் தொண்டையிலிருந்து கழன்று போய்விட்டது. கரண்டே இல்லாத பெட்டியில் பச்சை லைட்டு நின்று எரிந்தது, இன்றுவரை அணையவில்லை. மில்லில் அவர் கையைக் காட்டித்தான் அரிசியா கேழ்வரகா என்று கேட்கிறார். அவர் குரலோ ஒயருக்குள்ளே இருந்துகொண்டு, கரண்ட் இல்லாத நாளில், அண்ணனோடு வாய்க்கால் வரப்பு என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பது அவர் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்குக் கேட்கும். அதற்குப் பிறகு தெருவில் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள்: என்ன வேண்டுமானாலும் கேள், பதில் மட்டும் சொல்லாதே.

அப்புறம் ஒருநாள் ரவூப்பு வீடு வீடாக வந்து, அடுத்த கரண்ட் நிறுத்துகிற நாளில் பழைய ஒயரை வெட்டிவிட்டுப் புது ஒயர் மாட்டப்போவதாகச் சொன்னான். கரண்ட் இல்லாத நாளில் ஏணி ஏறினால்தான் அவன் உயிருக்கும் உத்தரவாதம். மங்களேஸ்வரி மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"இன்னும் ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா தம்பி?"

"எப்படிக்கா பொறுக்கிறது? வீட்லேர்ந்து ஆபீஸ் வேலை பாக்குற புள்ளைங்க என்னப் பிச்சுத் திங்குதுங்க. மீட்டிங் நடுவுல லைன் அறுந்து பெட்டி அணைஞ்சுபோவுதாம், உடனே யாரோ கருவாடு கேக்குறாங்களாம்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த நாளும் வந்தது. காலையில் கரண்ட் போனதும் தெரு அடங்கியது. சகுந்தலா முறுக்குத் தட்டோடு மங்களேஸ்வரி வீட்டுக்கு வந்து, துணைக்கு என்று தரையில் உட்கார்ந்தாள். "நீ எதுக்குக் காத்துக் கெடக்கேன்னு எனக்குத் தெரியாதாடி? அளவெடுக்கிறாளாம் அளவு" என்றாள். வெயில் ஜன்னல் வழியாக வந்து தையல் மெஷின் மேல் படுத்திருந்தது. தெருக்கோடியில் ரவூப்பு ஏணியைச் சாத்துகிற சத்தம் கேட்டது, அப்போது பெட்டி இருமியது.

"சுவிட்ச அணைச்சிட்டியா?" என்றான் நீலமேகம்.

மங்களேஸ்வரி சகுந்தலாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அணைச்சிட்டே. எனக்குத் தெரியாதா உன்ன? சரி, அணை. கோவம் தணிஞ்சதும் போடு. நான் சொல்றதச் சொல்லிட்டுப் படுக்கிறேன், சுவரப் பாத்தாவது சொல்றேன். நீ சொல்றதும் சரிதான் புள்ள. ரெண்டு வருசம் இருந்துட்டே வர்றேன். எனக்கு ஒண்ணுமில்ல, மாடிப்படி ஏறுனா கொஞ்சம் மூச்சு வாங்குது, அதத்தான் சொல்ல வந்தேன். பெருசா ஒண்ணுமில்ல. புள்ள படிப்பு முடியட்டும். நீ சொன்னபடியே இருக்கேன், சரியா? மங்களம், கேக்குதா?"

சகுந்தலா அவளைப் பார்த்தாள். நீதானா அணைத்தாய் என்று கேட்கவில்லை. அவளும் எத்தனையோ தடவை அணைத்தவள்தான். மங்களேஸ்வரியின் உதடு துடிப்பதைப் பார்த்ததும், "ஏய், வேணாம்டி, வேணாம்" என்று உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தப் போனாள். ஒரு நொடி தாமதமாகிவிட்டது.

"இருக்க வேணாங்க," என்றாள் மங்களேஸ்வரி. "வந்துடுங்க."

பெட்டியில் பச்சை லைட்டு மெல்ல ஏறி, நின்றது.

"சரி," என்றது பெட்டி. "கெளம்புறேன்."

அவள் எழுந்து தெருவில் ஓடினாள். ரவூப்பு ஏணி உச்சியில், ஒயரைக் கட்டிங் பிளேயரின் வாயில் வைத்திருந்தான். அவள் கத்தினாள், கத்தினாள், தொண்டை நரம்பெல்லாம் புடைத்தது, ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. ஏணிக்கு அடியில் ஏற்கெனவே வைரக்கண்ணு நின்றுகொண்டிருந்தார், ஏணிக்காலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அவரும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். வெட்டவெளி வெயிலில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துச் சத்தமே இல்லாமல் கத்துவதைக் கண்டு ரவூப்பு பிளேயரை அழுத்தாமல் கீழே குனிந்து பார்த்தான். பின்னாலேயே சகுந்தலா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அவள் குரல்தான் தெருவுக்கே போதுமே.

"வெட்டாதே ரவூப்பு! அந்த ஒயர்ல ஆளு வந்துக்கிட்டு இருக்கு!"

ரவூப்பு மறுபேச்சுப் பேசாமல் இறங்கிவிட்டான். புது ஒயரைத் தெருவின் அந்தப் பக்கமாகத் தனியாக இழுத்துப் புதுப் பெட்டிகளை மாட்டினான். பழையது தென்னைமரங்களோடு அப்படியே கிடந்தது, மங்களேஸ்வரி வீட்டுப் பழைய பெட்டியில் பச்சை லைட்டு கரண்ட் இல்லாமல் எரிந்தது.

அதன்பிறகு கரண்ட் நிறுத்துகிற ஒவ்வொரு நாளும் தெரு அவள் வீட்டில் கூடியது. முதல் தடவை கூடியபோது, ஒரு பெரிய கூடத்தில் தள்ளுவண்டிச் சக்கரம் உருள்வதும், புரியாத பாஷையில் அறிவிப்பு சொல்வதும் கேட்டது. அடுத்த மாசம் காது அடைக்கிற இரைச்சல், வேறொன்றுமில்லை. மங்களேஸ்வரி பகல் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த மாசம் ஒரு கண்டக்டர், "பட்டுக்கோட்டை, பட்டுக்கோட்டை, உள்ள போ, உள்ள போ" என்று கத்தியதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு, திருச்சி பஸ் ஸ்டாண்டுடா, இங்கதான் வந்துட்டாரு என்றார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அடியில் ஒரு மூச்சு, படியேறிய ஆளின் மூச்சு, வாங்கி வாங்கி வந்துகொண்டிருந்தது. தெரு இதையும் தன் வழக்கப்படிதான் எடுத்துக்கொண்டது. செத்தவர் எப்படி வருவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தால் பழைய சட்டையெல்லாம் சேருமா, அலைச்சலில் வருகிறவருக்கு ரசம் போதுமா, குழம்பும் வைப்பதா என்றுதான் பேச்சு. சிலருக்கு உள்ளுக்குள் பயம்தான். அவர்கள் பிள்ளைகளை அன்றைக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாங்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

கடைசியாக ஒரு நாள். இளமதி லீவில் வந்திருந்தாள். அம்மாவின் வாய் அசைவதை மட்டும் போனில் பார்த்துப் பார்த்து, "கேக்கலம்மா, கேக்கலம்மா" என்று அழுத பெண். எல்லாமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, சுவிட்சு விசயம் உட்பட. வந்ததும் அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இறங்கியிருந்தது, வாசல் தெளித்திருந்தது, சட்டை தேய்த்து மெஷின் மேல் இருந்தது.

பெட்டிக்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தெருவில் ஆட்டோ இல்லை. பெட்டிக்குள் செருப்புச் சத்தம் மணலில் நடந்து வந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தது. எல்லாரும் கேட்டைப் பார்த்தார்கள். கேட் சாத்தியிருந்தது, அதற்கு அந்தப் பக்கம் வெயிலைத் தவிர யாரும் இல்லை. ஆனால் கேட்டுக்கு முன்னால் தெளித்த தண்ணீரில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு நிழல் விழுந்திருந்தது.

"மங்களம்," என்றது பெட்டி. "வந்துட்டேன். வரலாமா?"

மங்களேஸ்வரி கேட்டுக்கு ஓடினாள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளிடம் குரல் இல்லை. வந்துடுங்க என்று சொன்னதற்கே அது செலவாகிவிட்டது. நிழல் அசையாமல் நின்றது. அவன் கூப்பிடாமல் வருகிற ஆள் இல்லை. போன தடவையும் அவனைக் கூப்பிடவில்லை. அவள் கைகளை நீட்டிக் காட்டினாள், தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள், கண்ணீர் கழுத்தில் வழிந்தது. அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"மங்களம்? சரி, அப்ப நான்..." என்று தயங்கியது பெட்டி, மூச்சு ஒரு அடி பின்னால் போனது.

இளமதி துள்ளி எழுந்தாள். "அப்பா..." என்று வரப்போன அவள் வாயை ஒரு உள்ளங்கை வந்து பொத்தியது, இந்த முறை தாமதமாகவில்லை. சகுந்தலா அந்தப் பெண்ணை இடுப்போடு அணைத்து அவள் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஆகப்போகிற பெண், ஊமையாகப் போய் யாருக்கு ஊசி போடுவது? பிறகு தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிற அந்தக் குரலில், கடைசித் தடவையாக, நன்றாக வாய்நிறையக் கூப்பிட்டாள்.

"வாங்கண்ணே! உள்ள வாங்க!"

கேட்டின் கொக்கி மேலே ஏறியது. மங்களேஸ்வரி ஒதுங்கி வழிவிட்டாள். தண்ணீரில் நின்ற நிழல் வாசற்படியை நோக்கி நகர்ந்தது, ஈரக் காலடி ஒவ்வொன்றாகச் சிமெண்டுத் தரையில் பதிந்து உள்ளே போனது. சகுந்தலா பிடியை விட்டுவிட்டு, ஏதோ சொல்ல வாயசைத்து, பிறகு கையால் இலை போடச் சொல்லிக் காட்டினாள். இளமதி உள்ளே போய் இலை எடுத்து வந்தாள்.